டானிக்குக் கொடுக்காத ஹெல்மெட்

பார்வையாளர் மேடைக்குக் கீழே எலி குடியிருந்த ஒரு சீமெந்துப் பொந்தை, ஆட்டக்காரரின் உடுப்பும் கவசமும் வைக்கிற கிட் ரூமாக்கினவன் நான். யாரோ கழற்றி எறிந்த கொதிநீர்க் குழாய்களை வளைத்துப் பூட்டி, ஒரு முழு அணியின் ஈர உடுப்பும் காய்கிற மாதிரி உலர்த்தும் அறை கட்டினவன் நான். தோள்கவசத்தின் வார் அறுந்தால் அமெரிக்காவில் இருந்து புதியது வரும்வரை ஆட்டக்காரனைச் சும்மா இருத்தி வைத்திருந்தார்கள்; லண்டன் ஹவுன்ஸ்லோவில் சப்பாத்துத் தைக்கிற ஊசியும் பயணப்பெட்டி வாரும் வாங்கிவந்து, தேத்தண்ணீர் ஆறுமுன் தைத்துக் கொடுத்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தில் என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்தவன். இன்றைக்கு இந்த நகரத்துக் கழகங்களின் கிட் ரூம்களில் எங்கள் பிள்ளைகள் நீங்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிறீர்கள். அந்தக் கதவை முதலில் தள்ளித் திறந்த தோள் இது. மற்றவன் சொன்னால் தற்பெருமை. நான் சொன்னால் நடந்தது.

எப்படித் தோய்ப்பது, எப்படி மடிப்பது என்று உங்களுக்கு நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் மெஷினுக்கே தெரியும். எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் கையில் பிடித்து வைத்திருப்பது என்பது மெஷினுக்குத் தெரியாது. அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

எண்பதுகளில் நான் வந்தபோது முதலில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கூடத்தில் நின்றேன். பிறகு மேற்கு லண்டனில் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தில் தும்புத்தடி பிடித்துக் கூட்டினேன். அங்கே கிட் ரூமுக்குப் பொறுப்பாக ஒரு கிழவர் இருந்தார். அயர்லாந்துக்காரர். பேச்சுக் குறைவு, இருமல் கூட. உடுப்பையும் சப்பாத்தையும் கொளுவியில் தொங்கவிட்டால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொருவனையும் கவுண்டருக்கு வரவழைத்துக் கையில்தான் கொடுப்பார். ஏனென்று கேட்டேன். முன்பு வேலை செய்த இடத்தில் கடுங்காய்ச்சலோடு வந்த ஒரு பையன் கொளுவியில் இருந்த சப்பாத்தைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனானாம். விழுந்தவன் எழும்பவில்லையாம். "அன்றைக்கு அவன் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

கையில் கொடுப்பது அவருடையது. வலக்கையில் கொடுப்பதும் வலக்கையில் வாங்குவதும் என்னுடையது. அது எங்கள் ஊர்ப் பழக்கம். இடக்கையால் கொடுத்தால் எங்கள் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெரிய பெரிய அமெரிக்கர்களை அதற்குப் பழக்கி எடுத்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த அமெரிக்கர்கள் வந்தார்கள். அவர்களுடைய ஆட்டத்துக்குப் பெயரும் புட்போல்தான். காலுக்கு அதில் வேலை குறைவு. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் மோதி விழுத்துகிற ஆட்டம். லண்டனுக்கென்று ஒரு தொழில்முறை அணி அமைத்து, ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஹெல்மெட்டை எப்படிப் பூட்டுவது என்று தெரிந்தவன் இங்கே ஒருவனும் இல்லை. "எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு ஹெல்மெட்டைக் கழற்றிப் பூட்டி, திரும்பக் கழற்றிப் பூட்டினேன். திங்கட்கிழமை தெரிந்திருந்தது.

எனக்கு உதவியாளாக சூசை வந்தான். மன்னார்க்காரன், என்னைவிடக் கொஞ்சம் இளையவன், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவன். அவன் என்னை "அண்ணை" என்று கூப்பிடுவான். அதைக் கேட்டு முழு அணியும் என்னை அண்ணை என்றது. என்னைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் கவுண்டரில் குனிந்து "அண்ணை, காலுறை" என்று கேட்பார்கள். யாராவது மறந்து இடக்கையை நீட்டினால் பின்னால் வரிசையில் நிற்கிற எல்லாரும் சேர்ந்து ஊளையிடுவார்கள். சூசைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

அவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதுக்குள் அது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே எழுதுகிறேன். அமெரிக்கன் யாழ்ப்பாணத்தான் மாதிரிக் கதைக்கிறான் என்று சிரிக்க வேண்டாம்.

அந்த ஆட்டத்தில் குவாட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. பந்து அவன் கைக்குத்தான் முதலில் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று தீர்மானிக்கிறவன் அவன். பதினொரு பேர் மைதானத்தில் நின்றாலும் மூளை அவன்தான். அந்த இடத்தில் ஒருவன்தான் நிற்கலாம். அந்த வருடம் இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவன் டானி. சிவந்த முகம், பெரிய வாய், துவக்கில் இருந்து குண்டு புறப்பட்ட மாதிரி எறிவான். அமெரிக்காவில் பெரிய அணிகள் அவனை எடுத்தன, முதல் ஆட்டத்துக்கு முன்பே கழித்தும் விட்டன. ஒருமுறை இல்லை, பலமுறை. இதுவும் போனால் அவனுக்கு ஊரில் இறைச்சி வைக்கிற குளிரறை ஒன்றில் பெட்டி தூக்குகிற வேலை காத்திருந்தது. "அண்ணை, அங்கை உள்ளுக்குப் போனால் மூக்குச் சளியும் உறைஞ்சுபோம்" என்பான். மற்றவன் கேர்ட்டிஸ். கறுப்பினத்தவன், அமைதியான ஆள், பஸ்ஸில் புத்தகம் வாசிப்பவன். பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே அவனுக்கு "நீ நல்லாய் ஓடுறாய், பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறு" என்று சொல்லிச் சொல்லி, எறிகிற இடத்தில் இருந்து நகர்த்தப் பார்த்தார்களாம். கறுப்பனுக்கு அந்த மூளை வேலை சரிவராது என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அது உடனே விளங்கியது. என்னையும் உதைபந்தாட்டக் கழகத்தில் "நீ நல்லாய்க் கூட்டுறாய்" என்றுதான் கனகாலம் புகழ்ந்தார்கள்.

இருவரையும் ஹோட்டலில் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். சீசன் தொடங்குமுன் இருவரில் ஒருவனைத்தான் வைத்திருப்பேன், மற்றவனை அனுப்பிவிடுவேன் என்று கோச் முதல் நாளே சொல்லிவிட்டார். நாங்கள் பயிற்சி செய்த மைதானம் விமானம் இறங்குகிற பாதைக்குக் கீழே இருந்தது. பந்து எறிகிறபோதெல்லாம் தலைக்கு மேலே ஒன்று போய்க்கொண்டிருக்கும். அன்று சரியாக எறியாதவனை மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள். மேலே போகிற விமானத்தைப் பார்ப்பார்கள், அடுத்ததில் ஏறுகிறவன் நீதான் என்கிற மாதிரி. அது அவர்களுடைய பகிடி. பார்க்க நன்றாக இருக்காது.

பயிற்சியில் குவாட்டர்பேக்குக்குச் சிவப்புச் சேர்ட் கொடுப்பது வழக்கம். சிவப்புப் போட்டவனைத் தொடலாம், விழுத்தக்கூடாது. அந்த இரண்டு சேர்ட்டையும் நான் தனியாகத் தோய்த்துத் தனியாக வைத்திருப்பேன். மூன்றாவது கிழமையும் இருவரும் சமமாகவே நின்றார்கள். டானி ஒருநாள் மேலே, கேர்ட்டிஸ் ஒருநாள் மேலே. பத்திரிகைக்காரர்கள் கோச்சை நெருக்கினார்கள். ஒரு காலை அவர் கிட் ரூமுக்குள் வந்து, "ரட்னம், சிவப்பு இரண்டையும் பெட்டிக்குள்ளை போடு. அடி விழேக்கை ஆர் நிண்டு எறியிறான் எண்டு எனக்குப் பாக்கவேணும்" என்றார்.

"சேர், தரை கல்லு மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"தரையை நான் பாக்கிறன்."

போட்டேன். அவருடைய அணி, அவருடைய சேர்ட்.

டானிக்குச் சந்தோஷம். "இனித்தான் அண்ணை ஆம்பிளையளின்ரை ஆட்டம்" என்று வெள்ளைச் சேர்ட்டை வாங்கிக்கொண்டு போனான். அன்று மத்தியானத்துக்கு முன் ஒரு தடுப்பாட்டக்காரன் அவனைத் தூக்கி அடித்தான். ஹெல்மெட்டின் பின்பக்கம் தரையில் பட்ட சத்தம் உலர்த்தும் அறை வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. டானி எழும்பினான், இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினான், எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த பந்தை எறிந்தான். அது நேராக, அழகாக, ஒருவரும் இல்லாத இடத்தில் போய் விழுந்தது.

அடுத்த நாள் எல்லாருக்கும் ஓய்வு. அதற்கு மறுநாள் காலை தீர்ப்புப் போட்டி. அணியை இரண்டாகப் பிரித்து, நடுவர் வைத்து, பார்க்க ஆட்களை உள்ளே விட்டு ஆடுவார்கள். முதல் பாதிக்கு டானி, இரண்டாம் பாதிக்குக் கேர்ட்டிஸ். முடிந்ததும் ஒருவன் வேலைக்காரன், மற்றவன் பயணி. மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசை கவுண்டரில் நகர்ந்தது. டானி வந்தான். அவனுக்குப் பின்னால் கேர்ட்டிஸ்.

"சுகமோ அண்ணை?" என்றான் டானி. நான் படிப்பித்த தமிழ் அவனுக்கு அது ஒன்றுதான்.

"சுகம். நீ?"

ஹெல்மெட்டை நீட்டினேன். அவன் இடக்கையை நீட்டினான். வரிசை ஊளையிட்டது. "அண்ணை அடிக்கப்போறார், ஓடு!" என்று ஒருவன் கத்தினான். டானியும் சிரித்தான். சிரித்துவிட்டுத் திரும்பவும் அதே இடக்கையை நீட்டினான். கை ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது.

"சுகமோ அண்ணை?" என்றான்.

நான் ஹெல்மெட்டை விடவில்லை. "உனக்குப் பின்னாலை நிக்கிறது ஆர்?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தான். ஒரே அறையில் தூங்கி எழும்புகிற கேர்ட்டிஸை ஆற அமரப் பார்த்தான். பிறகு தோளில் தட்டி, "என்ரை ஆள்" என்றான்.

"பேர்?"

"அண்ணை இண்டைக்குப் பொலிஸ் வேலை பாக்கிறார், பாருங்கோடா!"

எல்லாரும் சிரித்தார்கள். கேர்ட்டிஸ் சிரிக்கவில்லை. பெயர் வரவில்லை.

"தாடை வார் இளகிப்போச்சு. தைச்சுத் தாறன், போய் நில்" என்று சொல்லி ஹெல்மெட்டைக் கவுண்டருக்குக் கீழே வைத்தேன். கேர்ட்டிஸுக்கு உரியதைக் கொடுத்தேன். அவன் வலக்கையால் வாங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரிசை முடிந்ததும் சூசை கிட்ட வந்தான். "வார் நல்லாய்த்தானே கிடக்கு, அண்ணை."

"கிடக்கு."

"பிறகேன்?"

"அவன்ரை கையைப் பாத்தனியே?"

"பாத்தனான்." சூசை வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்கேன் உந்தச் சோலி? அவங்கட தலை, அவங்கட ஆட்டம். டொக்டர் வருவார்தானே, அவர் பாக்கட்டும். எனக்கு ரெய்னர்ஸ் லேனிலை வீட்டு வாடகை கிடக்கு, உங்களுக்குப் பிள்ளையளின்ரை படிப்புக் கிடக்கு. உடுப்புத் தோய்க்கிறவன் கோச்சை மறிச்சான் எண்டால் நாளைக்கு ரெண்டு பேருக்கும் வேலை இல்லை."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒருநாள் பக்கத்தில் நிற்கிறவன் இப்படித்தான் சொல்வான். அவன் கெட்டவனாக இருக்க மாட்டான். சரியாகத்தான் சொல்வான். அதுதான் கரைச்சல்.

உலர்த்தும் அறையின் பின்கதவால் கேர்ட்டிஸ் உள்ளே வந்தான். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"அண்ணை, வார் தைச்சு முடிஞ்சுதோ?"

"இல்லை."

"கெதியாய்த் தைக்காதையுங்கோ" என்றான்.

சூசை சிலுவை போட்டுக்கொண்டான்.

"சொல்லு" என்றேன்.

"நேற்று முழுக்கச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தவன். வெளிச்சம் போட விடுறானில்லை. தாயோடை போனிலை கதைச்சவன், வைச்ச உடனை திருப்பியும் எடுத்து அதையே கதைச்சவன். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு என்னைச் சத்தியம் பண்ண வைச்சவன்."

"நீ கோச்சுக்குச் சொல்லன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "நான் சொன்னால் என்ன நடக்கும், அண்ணை? அறைக்குள்ளை கூட இருந்தவன், கறுப்பன், வேலைக்காகக் கூட்டாளியைக் காட்டிக் குடுத்தான் எண்டு சொல்லுவாங்கள். டானியைக் கேப்பாங்கள். அவன் எனக்கு ஒண்டுமில்லை எண்டு சிரிப்பான். பிறகும் அவன்தான் இறங்குவான். நான் சொல்லியும் வேலை இல்லை, சொன்ன பேர் மட்டும் மிஞ்சும்." ஹெல்மெட்டை மற்றக் கைக்கு மாற்றி, "சொல்லாமல் விட்டு அவன் விழுந்தால் வேலை எனக்குத்தான். அது எனக்கு வேண்டாம்" என்றான்.

"நீ இங்கை வரேல்லை. நான் உன்னைக் காணேல்லை. போ."

போனான். சூசை தலையில் கைவைத்துக்கொண்டு பெட்டியில் இருந்தான். "மடு மாதாவே, இந்தாள் எங்களைத் தெருவிலை விடப்போகுது" என்றான். மாதாவுக்குச் சொன்னானோ எனக்குச் சொன்னானோ தெரியாது.

கோச்சை நான் தேடிப் போகவேண்டி வரவில்லை. அவரே வந்தார். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட, "டானி ஹெல்மெட் இல்லாமல் நிக்கிறான். எங்கை?" என்றார்.

முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அதுதான் முறை, குறுக்குவழி பிறகுதான். "சேர், டானி சரியில்லை. தனக்குப் பின்னாலை நிண்ட கேர்ட்டிஸின்ரை பேர் அவனுக்கு வருகுதில்லை."

"கேட்டனான். ஒண்டுமில்லையாம்."

"அப்பிடித்தான் சொல்லுவான். சொன்னால் வீட்டை போகவேணுமே."

"டொக்டர் ஆட்டம் தொடங்க வந்துவிடுவார்."

"டொக்டரும் அதையே கேப்பார், அவன் அதையே சொல்லுவான்."

"ரட்னம், உன்ரை வேலை என்ன?"

"ஹெல்மெட், சேர்."

"அப்ப அதைக் குடு."

கவுண்டருக்குக் கீழே இருந்து எடுத்தேன். திருகாணி முடுக்கியை எடுத்தேன். அவர் கண்முன்னே முகத்தை மறைக்கிற கம்பிக்கூட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். கூடு கழன்று மேசையில் விழுந்தது. உள்ளே இருக்கிற காற்றுப் பைகளின் காற்றையும் திறந்துவிட்டேன். அது பாம்பு மாதிரிச் சீறி அடங்கியது.

"இந்த ஹெல்மெட் பாதுகாப்பில்லை, சேர். பாதுகாப்பில்லாததை நான் குடுக்கேலாது. ஹெல்மெட் இல்லாதவனை நடுவர் இறங்க விடமாட்டார்."

கோச்சின் கழுத்து சிவந்தது. "அவன்ரை அளவிலை வேறை ஒண்டு எடு."

"இல்லை."

இருந்தது. மேல்தட்டில், என் தலைக்கு நேர் பின்னால், உறை பிரிக்காமல் ஒன்று இருந்தது. நான் அசையவில்லை. பாவம் சூசை, அவனுக்குப் பொய் பழக்கமில்லை. அவனுடைய கண் என் தோளுக்கு மேலால் அந்தத் தட்டுக்குப் போய்விட்டது. கோச் சூசையைப் பார்த்தார். சூசையின் கண் போன வழியே தன் கண்ணை விட்டார். உறையோடு இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். டானியின் அளவு அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

இதோடு சரி என்று நினைத்தேன். லண்டனில் எனக்கு இனி எந்தச் சலவைக்கூடம் கதவு திறக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இல்லை எண்டு சொல்லுறாய்" என்றார்.

"ஓம் சேர். இல்லை."

"அப்ப முதல் பாதிக்கும் கேர்ட்டிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவரும் பார்த்திருக்கிறார். ஆளில்லாத இடத்தில் விழுந்த அந்தப் பந்தை அவர் பார்க்காமல் இருக்க முடியாது. அவருடைய தொழிலே அதுதான். யாராவது மறித்தால் நல்லது, மறிப்பவன் தானாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது என்று நின்றிருக்கிறார். பெரிய கதிரையில் இருக்கிறவர்கள் பலர் இப்படித்தான். உங்களைத் திட்டிக்கொண்டே உங்கள் கையால் தங்களுக்கு வேண்டியதைச் செய்விப்பார்கள். பிறகு அது அவர்கள் செய்ததாகிவிடும்.

கேர்ட்டிஸ் அன்று நன்றாக ஆடினான் என்று சொல்ல ஆசை. அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு தரம் பந்தைப் பறிகொடுத்தான், பிறகு சுதாரித்துக்கொண்டான். டானி மழைக்குள் தொப்பி இல்லாமல் எல்லைக்கோட்டோரம் நின்றான். இடைவேளைக்குச் சற்றுமுன் சூசையிடம் போய், "ஆட்டம் எப்ப தொடங்கும்?" என்று கேட்டிருக்கிறான். சூசை டொக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். டானியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே கதை முடிந்தால் எனக்கு மாலை போடலாம். முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அதிர்ச்சி, சில நாள் ஓய்வு, அவ்வளவுதான். டானிக்கு அந்த "ஒன்றுமில்லை" போதும். தனக்கு ஒன்றும் இருக்கவில்லை, தன் இடத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. அந்தக் கிழமை முடியுமுன் கோச் கேர்ட்டிஸை அறிவித்தார். டானி சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.

தோள்கவசம், சேர்ட், காலுறை எல்லாம் மேசையில் வைத்தான். உறையோடு மேல்தட்டில் இருந்த ஹெல்மெட்டை அண்ணாந்து பார்த்தான். கனநேரம் பார்த்தான்.

"அவன் உனக்கு என்ன தந்தவன், அண்ணை?" என்றான்.

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்று பிரிவு இல்லை. இருந்தாலும் அன்று அவன் சொன்னது நீதான்.

"ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை, டானி. உனக்கு ஏலாமல் இருந்தது. உனக்குத் தெரியேல்லை."

"எனக்கு இருந்தது அந்த ஒருநாள்தான்" என்றான். "அதை எடுத்துப்போட்டாய்."

கடைசியாக, மேசையில் கூடு கழன்று கிடந்த தன் ஹெல்மெட்டில் இருந்து தாடை வாரைக் கழற்றி எடுத்தான். தைக்க ஒன்றும் இல்லாத அதே வார். அதை இடக்கையால் நீட்டினான். மறந்து நீட்டவில்லை. நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நீட்டினான். நான் வலக்கையால் வாங்கினேன். வேறென்ன செய்ய?

அவன் போனபின் சூசை, "அண்ணை, அழுறியளே?" என்று கேட்டான். "உலர்த்திற அறைச் சூடு" என்றேன்.

கேர்ட்டிஸ் அந்த சீசன் முழுக்க ஆடினான். டானி போகுமுன் சொல்லிவிட்டுப் போனது அணிக்குள் புழுமாதிரி ஊர்ந்தது. கேர்ட்டிஸும் கிட்காரனும் கூட்டு என்றார்கள். பந்து தவறினால் பின்வரிசையில் இருந்து ஒருவன் "ஹெல்மெட்!" என்று கத்துவான். கேர்ட்டிஸ் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சத்தியம் உடையும், அதோடு தான்தான் வந்து சொன்னான் என்பதும் வெளியே வரும். நானும் அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

டானி ஊருக்குப் போய்க் குளிரறைக்குப் போகவில்லை. எங்கேயோ சின்ன அணிகளில், கவுண்டரில் முகம் பார்க்க ஆளில்லாத இடங்களில், இன்னும் சில வருடம் ஆடினான். எத்தனை அடி வாங்கினான் என்று அவனுக்கும் தெரியாது. நான் காப்பாற்றினது ஒரு நாளை. மற்ற நாட்களுக்கு நான் அங்கே இல்லை.

தொண்ணூறுகள் முடிகிற காலத்தில் பழைய ஆட்களைக் கூப்பிட்டு லண்டனில் ஓர் ஒன்றுகூடல் வைத்தார்கள். ஹோட்டல் மண்டபம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள். டானியை அவனுடைய தங்கச்சி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. கிழவன் மாதிரி நடந்தான். ஒவ்வொருவரும் போய்த் தங்கள் பெயரைச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்தான். கேர்ட்டிஸ் போய் முன்னால் குந்தி இருந்து அவன் கையைப் பிடித்தான். "என்ரை ஆள்" என்றான் டானி. பெயர் அன்றைக்கும் வரவில்லை.

நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். என்னைப் பார்த்த கண்ணில் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் கை எழும்பியது. வலக்கை. நடுங்கி நடுங்கி வந்து கோப்பையைப் பிடித்தது. என்மேல் இருந்த கோபம் அவனை விட்டுப் போய்விட்டது. நான் பழக்கினது மட்டும் மிஞ்சிக் கிடந்தது.

அன்று மேடையில் கோச்சைப் புகழ்ந்தார்கள். அந்தத் தீர்ப்புப் போட்டியன்று ஆட்டக்காரனின் உடல்நலத்தை முன்வைத்துத் துணிந்து முடிவெடுத்தவர் என்று சொல்லிக் கண்ணாடியில் செய்த ஒரு பரிசைக் கொடுத்தார்கள். அவர் எழும்பி வாங்கினார். என் பக்கம் பார்க்கவில்லை. பின் மேசையில் யாரோ ஒருவன் மெதுவாக "ஹெல்மெட்" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கேர்ட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டு பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அவன் என்னிடம், "அண்ணை, சத்தியம் வாங்கின டானிக்கே இப்ப அது ஞாபகம் இல்லை. விருப்பமெண்டால் சொல்லுங்கோ" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றுகூடலுக்குப் போட்ட மலரில் அணியின் கதை இருக்கிறது. அதில் ஒரு படத்தில் நானும் சூசையும் ஓரத்தில் நிற்கிறோம். கீழே "உதவியாளர்கள்" என்று போட்டிருக்கிறார்கள். மறுபதிப்புப் போடப்போகிறார்களாம். போடுகிறவர்களுக்கு என் கோரிக்கை இதுதான், கெஞ்சவில்லை, கேட்கிறேன். படத்துக்குக் கீழே எங்கள் பெயரைப் போடுங்கள். ரட்னம் இல்லை, இரத்தினம். பக்கத்தில் சூசை. கோச்சுக்குக் கொடுத்த புகழைத் திருப்பி வாங்க வேண்டாம், அந்தக் கண்ணாடி அவரிடமே இருக்கட்டும். ஆனால் டானியின் அந்த ஒருநாளை எடுத்தவன் கேர்ட்டிஸ் இல்லை என்று எழுதுங்கள். கேர்ட்டிஸ் வந்து சொன்னான், தன் வேலைக்காகச் சொல்லவில்லை. திருகாணியைக் கழற்றினது இந்தக் கை. மேல்தட்டில் ஹெல்மெட் இருக்க இல்லை என்று சொன்னது இந்த வாய். டானி போகும்போது சொன்ன பழியும் எனக்குத்தான் சேரவேண்டும், அதையும் விடாமல் எழுதுங்கள். அது என்னுடையது. வேறொருவனுக்குக் கொடுக்க மாட்டேன்.